பால் ஊற்றிய கை

சுதர்ஷினி டிவியில் சொன்ன முதல் பொய்யை ரெங்கம்மா தலைவர் வீட்டுத் தரையில் உட்கார்ந்துதான் கேட்டாள். ஊசிமலைத் தேயிலைத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் அப்போது கலர் டிவி இருந்தது தலைவர் புவனேந்திரன் வீட்டில் மட்டும்தான். தொழிற்சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், மாரியம்மன் கோயிலுக்கும் அவர்தான் தலைவர். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய்ந்தால் லயத்து வரிசை வீட்டுச் சனம் முழுக்க அங்கேதான் கிடக்கும். பெட்டிக்குள் ‘ராக மகுடம்’ ஓடிக்கொண்டிருந்தது. கொழும்பில் நடக்கிற பாட்டுப் போட்டி. யார் பாட்டுப் பிடிக்கிறதோ அவருக்கு ஜனங்கள் போனில் ஓட்டுப் போடவேண்டும். ஓட்டுக் குறைந்தவர் அந்த வாரமே மூட்டையைக் கட்டவேண்டும். அந்த மேடையில், இரவல் பட்டுப் பாவாடையும் தலை நிறைய மல்லிகைப் பூவுமாக, ரெங்கம்மாவின் மகள் நின்றாள்.

“இவ்வளவு அழகா பாட யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?” என்று நிகழ்ச்சி நடத்தும் கேசினி கேட்டாள்.

“யார்கிட்டயும் இல்ல அக்கா. எங்க தோட்டத்து மாரியம்மன் கோயில்ல பாடிப் பாடி வந்ததுதான். எங்கம்மா வெள்ளிக்கிழமை விரதம் தவற மாட்டாங்க. அவங்க விரதந்தான் என் குரல்.”

மேடையில் கைதட்டு எழுந்தது. தலைவர் வீட்டில், ரெங்கம்மாவின் அறைக்கு அடுத்த காம்பராவில் இருக்கிற இராக்கம்மா களுக்கென்று சிரித்தாள். “விரதக்காரி இந்தா உக்காந்துருக்கா, கும்புட்டுக்கங்க,” என்றாள். சிரிப்பு வாசல் வரைக்கும் போய்த் திரும்பியது. ரெங்கம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சிரிக்காமல் என்ன செய்வார்கள்? ரெங்கம்மா அந்தக் கோயில் வாசலை மிதித்து வருஷக்கணக்காகிறது. அவள் புருஷன் கொழும்பில் கடை வேலை என்று போனான். போனவன் அங்கேயே ஒருத்தியோடு குடும்பமாகிவிட்டான். அவனைத் திருப்பிக் கொடு என்று ரெங்கம்மா அம்மனுக்குத் தீச்சட்டி எடுத்தாள், மாவிளக்குப் போட்டாள், ஈரத்துணியோடு பிரகாரத்தில் உருண்டாள். அவன் வரவில்லை. அதற்குப் பிறகுதான் பெரகலைச் சந்திக்குக் கிட்ட இருந்த ஜெபவீட்டுக்குப் போகத் தொடங்கினாள். அங்கே போயும் அவன் வரவில்லை, அது வேறு விஷயம். ஆனால் அங்கே பக்கத்தில் உட்கார்ந்து கூட அழுவதற்கு நாலு பெண்கள் இருந்தார்கள். பொட்டை அழித்தாள், சபைக்காரி ஆனாள். சுதர்ஷினி பாட்டுக் கற்றுக்கொண்டதும் அந்த ஜெபவீட்டில்தான், பாஸ்டரின் மனைவி வாசித்த ஆர்மோனியத்தின் பக்கத்தில் நின்று.

போட்டிக்காரர்களைக் கொழும்பில் ஒரு வீட்டில் வைத்திருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை வீட்டாரோடு பேச விடுவார்கள். சுதர்ஷினி தலைவர் வீட்டுப் போனுக்கு எடுத்தபோது ரெங்கம்மா மெதுவாகத்தான் கேட்டாள்.

“ஏன் சாமி அப்படிச் சொன்ன? இங்கன எல்லாரும் சிரிக்கிறாங்க.”

“டிவிக்காரங்களுக்கு ஒரு கதை வேணுமாம், அம்மா. கதை இல்லாதவங்களுக்கு ஓட்டு விழாதாம். அப்பா ஓடிப்போன கதையச் சொல்லட்டுமா, இதச் சொல்லட்டுமா? நீயே சொல்லு.”

ரெங்கம்மாவுக்கென்று உலகத்தில் மிச்சமிருந்தது அந்தப் பிள்ளை ஒன்றுதான். புருஷனை விழுங்கின கொழும்பு இவளையும் விழுங்கிவிடுமோ என்ற பயம், ஹப்புத்தளையில் ரயிலேற்றிவிட்ட அன்றிலிருந்தே அவளுக்கு இருந்தது. பொய் சொன்னால் சொல்லட்டும். பிள்ளை தன் பிள்ளையாக இருந்தால் போதும், மற்றது எது போனாலும் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பொய்யும் சும்மா இருக்கவில்லை, நன்றாகவே வேலை செய்தது. கொழும்பில் சுதர்ஷினியின் அறைச் சுவருக்கு மஞ்சள் அடித்து, ஓர் அம்மன் படத்தை மாட்டி, காலையில் அவள் விளக்கேற்றுவதைப் படம் பிடித்துக் காட்டினார்கள். முதல் நாள் அவளுக்குத் திரியைத் திரிக்கத் தெரியவில்லை. யாரோ திரித்துக் கொடுத்தார்கள். ‘அம்மன் பிள்ளை’ என்று பட்டம் வைத்தார்கள். வடக்கில் சண்டை உச்சத்தில் இருந்த வருஷம் அது. யாரைக் கும்பிடுவது என்று தெரியாமல் இருந்த ஜனங்களுக்கு ஒரு முகம் கிடைத்தது. மட்டக்களப்பிலிருந்தும் வவுனியாவிலிருந்தும்கூட ஓட்டு வந்தது. ஜெபவீட்டுப் பாஸ்டர் மட்டும், “ரெங்கம்மா, உன் மகளுக்கு நீ புத்தி சொல்லலேன்னா அந்தப் பாவம் உன் தலையிலதான்,” என்று சொல்லிவிட்டார். அவள் “ஆமாங்கய்யா,” என்றாள். வேறு ஒன்றும் செய்யவில்லை.

போட்டியில் ஆட்கள் குறையக் குறைய, மிஞ்சினவர்களை ஊருக்குக் கூட்டிப்போய்ப் படமெடுப்பது என்று முடிவாயிற்று. ஐப்பசி மழைக்கு நடுவில், சோதனைச் சாவடி ஒவ்வொன்றிலும் இறங்கி ஏறி, ஒரு வெள்ளை வேன் சுதர்ஷினியை ஏற்றிக்கொண்டு ஊசிமலைக்கு வந்து சேர்ந்தது. கூட வந்தவர் மதுசூதனன், நிகழ்ச்சியின் தயாரிப்பாளர், யாழ்ப்பாணத்துக்காரர். ஆளைக் குறை சொல்ல முடியாது. எல்லோரையும் கும்பிட்டார், லயத்து இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து ரெங்கம்மா கொடுத்த பிளேன்டீயை முகம் சுளிக்காமல் குடித்தார். குடித்துவிட்டுத்தான் கேட்டார்.

“தலைவர், இந்தக் கோயில்ல தீ மிதிக்கிறவையாமே? தங்கச்சி தீ மிதிக்கிறதை எடுத்தா, பிறகு அவவை அசைக்க ஒருத்தராலயும் ஏலாது.”

தலைவர் முகத்தில் விளக்கேற்றின மாதிரி ஆயிற்று. கோயிலும் டிவியில் வரும், அவரும் வருவார். பூசாரி மாரிசாமிதான் தலையைச் சொறிந்தார்.

“தீமிதி சித்திரையிலதாங்க. கரகம் பாலிக்கணும், காப்புக் கட்டணும், வெரதம் இருக்கணும். நெனச்ச நேரத்துக்குக் குழி வெட்டுனா அது அடுப்புங்க, கோயில் இல்ல.”

“டிவிக்காரங்க நாளைக்குப் போயிருவாங்க மாரிசாமி. காலையில காப்பக் கட்டு, சாயங்காலம் அறுத்து விடு. ஆத்தா ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டா,” என்றார் தலைவர். மாரிசாமிக்கு வாய் இருந்தது, ஆனால் கோயிலை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. போய் மண்வெட்டியை எடுத்தார்.

மதுசூதனன் ரெங்கம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, தீக்குழி முடியிற இடத்தில பால்குழி ஒண்டு இருக்குமாமே. பிள்ளை நடந்து வர, நீங்கள்தான் அதுக்குப் பால் ஊத்தி நிக்க வேணும். தாயும் மகளும். சனம் அழுதிடும்.”

“நான் சபைக்குப் போறவங்க,” என்று சொல்ல ரெங்கம்மா வாயெடுத்தாள். சுதர்ஷினி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த நாள் காலை அந்தக் காம்பராவுக்குள் நடந்தது ரெங்கம்மாவுக்குக் கடைசி வரை மறக்காது. சுதர்ஷினி அவளை இருத்தி, தலை வாரி, பூ வைத்து, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் பொட்டு வைத்தாள். கோணலாகிவிட்டது என்று துடைத்து மறுபடி வைத்தாள். மகளின் விரல் நெற்றியில் பட்டு எத்தனை காலம். ரெங்கம்மாவுக்குப் பாவமும் தெரியவில்லை, சாமியும் தெரியவில்லை. இந்த விரல் இப்படியே இருக்கட்டும் என்றுதான் இருந்தது.

“தீயில நடக்கப் பயமா இல்லையா சாமி?”

“கொழுந்துக் கூடையத் தூக்கிக்கிட்டு அட்டைக் கடியில நிக்கிறத விட இது லேசும்மா. நான் இங்கன திரும்பி வர மாட்டேன். செயிச்சு உன்னையும் கொழும்புக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஒரு வீடு எடுத்து நம்ம ரெண்டு பேரும் இருப்போம்.”

“நெசமாவா?”

“பொட்ட அழிச்சிராத. காயட்டும்,” என்றாள் மகள்.

பின்னேரம் பறை முழங்கியது. குழி நிறையத் தணல். தோட்டமே திரண்டு நின்றது. ஹல்துமுல்லைப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். ரெங்கம்மா குழியின் மறுமுனையில் பால் சொம்போடு நின்றாள். பொட்டு வைத்த அவளைப் பார்த்துப் பெண்கள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். அவள் எதையும் பார்க்கவில்லை. இயேசப்பா, புள்ள காலச் சுடாமப் பாத்துக்க என்றாள் மனசுக்குள். நின்றுகொண்டிருப்பது யார் வாசலில் என்பது நினைவு வந்து, ஆத்தா, நீயும் பாத்துக்க என்றாள். இருவரிடமும் சொல்லி வைத்தாள் பாவி மனுஷி. பெற்றவளுக்கு அந்த நேரத்தில் வேறு என்ன தெரியும்?

சுதர்ஷினி மஞ்சள் சேலையில் வந்தாள், கையைக் கூப்பினாள், நடந்தாள். விறுவிறுவென்று, நிற்காமல், காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கொடுக்க நேரமாகிவிட்டால் மலையேறுகிற மாதிரி நடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ரெங்கம்மா ஊற்றின பாலில் காலை வைத்ததும் அவளுக்கே ஆச்சரியமாகி, சின்னப் பிள்ளையாட்டம் சிரித்துவிட்டாள். ரெங்கம்மாவும் சிரித்தாள். ஊர் ‘அரோகரா’ போட்டது. அந்த இடத்தில் எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை.

கெமராக்காரர் மதுசூதனனிடம் ஏதோ சொன்னார். மதுசூதனன் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தார். “தங்கச்சி, பனி வந்து மறைச்சுப்போட்டுது. முகம் விழயில்லை. இன்னும் ஒருக்கா. இந்த முறை மெதுவா, கும்பிட்டுக்கொண்டு, சிரிச்ச முகமா.”

ஹப்புத்தளைப் பக்கமிருந்து பனி இறங்கி வந்தது உண்மைதான். அதை யாரும் கவனிக்கவில்லை.

மாரிசாமி குறுக்கே வந்து நின்றார். “பால்ல கால் வச்சாச்சுன்னா ஆத்தா குழிய விட்டு எறங்கிட்டான்னு அர்த்தங்க. ரெண்டாம் நடை எங்கயுமே கெடையாது. காலும் ஈரமா இருக்கு. ஈரக் கால்ல தணல் ஒட்டிக்கும் சார்.”

“தலைவர், வெளிச்சம் போகுது,” என்றார் மதுசூதனன்.

தலைவர் மாரிசாமியின் தோளைப் பிடித்து நகர்த்தினார். ரெங்கம்மா சொம்பைக் கீழே போட்டுவிட்டு மகள் கையைப் பற்றினாள். “வேணாம் சாமி. ஓட்டு வராட்டிப் போவுது. நீ போவாத.”

“கைய விடும்மா. எல்லாரும் பாக்குறாங்க,” என்றாள் சுதர்ஷினி.

பால் சொட்டச் சொட்ட அவள் மறுபடி குழியின் தலைமாட்டுக்குப் போனாள். இந்த முறை மெதுவாக நடந்தாள். சொன்னபடி கும்பிட்டாள். பாதி வழியில் அவள் கழுத்து நரம்பு புடைத்ததை ரெங்கம்மா கண்டாள். தணல் காலில் ஒட்டிக்கொண்டு வந்தது. அந்தப் பெண் கத்தவில்லை, ஓடவில்லை, சிரிப்பையும் விடவில்லை. அவளைப் போல ஒரு நடிகை நாட்டில் இல்லை என்று சத்தியம் பண்ணிச் சொல்லலாம். கெமரா அணைந்ததும்தான் விழுந்தாள். பாதத்துத் தோல் ரெங்கம்மாவின் கையோடு வந்துவிட்டது.

பெரகலையில் ஒரு டிஸ்பென்சரியில் கட்டுப் போட்டு, அப்படியே வேனில் கொழும்புக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ரெங்கம்மாவும் வருகிறேன் என்று வேன் கதவைப் பிடித்தாள். “இடமில்லை அம்மா, நாங்கள் பார்ப்பம்,” என்றார் மதுசூதனன். கதவைச் சாத்தினார். அந்த ஞாயிறு டிவியில் சுதர்ஷினி நெருப்பில் சிரித்துக்கொண்டே நடந்தாள். அதைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள், புல்லாங்குழல் வாசித்துப் போட்டார்கள். விழுந்ததைப் போடவில்லை.

ஆனால் ஊர் பார்த்திருந்ததே. அம்மன் பிள்ளை காலை அம்மன் ஏன் சுட்டாள்? அதற்கு ஒரு பதில் வேண்டுமல்லவா. டிவிக்காரரைச் சொன்னால் அடுத்த முறை அவர்கள் வரமாட்டார்கள். தலைவரைச் சொல்ல யாருக்குத் தைரியம்? அம்மனைச் சொல்ல முடியுமா? முதல் இரண்டு நாளும் மாரிசாமி கேட்டவர்களிடமெல்லாம், “ரெண்டாம் நடைதாங்க காரணம், நான் சொன்னேன், கேக்கல,” என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தார். தலைவர் அவரைக் கூப்பிட்டு, “அப்போ கோயில்ல தப்பு நடந்துச்சுன்னு சொல்றியா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். வெள்ளிக்கிழமை பூசைக்குள் மாரிசாமி வேறு காரணம் கண்டுபிடித்துவிட்டார். பால் ஊற்றிய கை சுத்தமில்லாத கை. அல்லேலூயாக்காரி கை.

அது எல்லோருக்கும் வசதியாக இருந்தது. கொழுந்து மலையில் பெண்கள் ரெங்கம்மாவின் நிரையை விட்டுத் தள்ளி நின்றார்கள். தண்ணீர் விழுகிற பீலிக்குப் போனால் அவள் குடத்தை எடுக்கும் வரை யாரும் குடம் வைக்கவில்லை. “பெத்த புள்ள காலையே எரிச்சுப்புட்டியேடி,” என்றாள் இராக்கம்மா முகத்துக்கு நேரே. “நானா எரிச்சேன்? நீயும் பாத்துக்கிட்டுத்தானே நின்ன?” என்று ரெங்கம்மா கேட்டாள். இராக்கம்மா பார்க்காதது மாதிரியே போனாள்.

ஞாயிறு காலை ஜெபவீட்டுக்குப் போனாள். அங்கேயாவது அழலாம் என்று போனாள். பாஸ்டர் வாசலிலேயே நிறுத்தினார். செய்தி அவளுக்கு முந்திப் போயிருந்தது. “விக்கிரகத்துக்கு முன்னால பொட்டு வச்சு, பால் ஊத்தின கை அது. அதான் கர்த்தர் உன் கண்ணு முன்னாலயே புள்ளையச் சுட்டுக் காட்டிட்டார். கொஞ்ச காலம் வெளியில இருந்து மனந்திரும்பு,” என்றார். முன்பு கூட அழுத நாலு பெண்களும் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோயிலும் ஜெபவீடும் அந்தத் தோட்டத்தில் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான். இரண்டு சாமிக்கும் சேர்த்து ஒருத்தி கிடைத்துவிட்டாள். ரெங்கம்மா பெரகலைச் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தே வீட்டுக்கு வந்தாள். வழியெல்லாம் தன் வலது கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். நாலு பேர் சொல்கிறார்களே, இருக்குமோ என்று அவளுக்கே தோன்றிவிட்டது.

ஊர்ப்பேச்சு ஊரோடு நிற்குமா? கொழும்புக்கும் போயிற்று. அம்மன் பிள்ளையின் தாய் வேதக்காரியாம், பிள்ளை ஜெபவீட்டில் பாடிப் பழகியவளாம், அம்மன் அவள் காலைச் சுட்டுவிட்டாளாம் என்று டிவிக்குப் போன் மேல் போன். ஓட்டு மளமளவென்று இறங்கியது. இனிமேல் ஒரு வாரம்கூடத் தாங்காது என்ற நிலை. சனிக்கிழமை தலைவர் வீட்டுக்கு மதுசூதனன் போன் எடுத்தார். ரெங்கம்மாவைக் கூட்டிவர ஆள் போயிற்று.

“சார், புள்ள கால் எப்படியிருக்குங்க?”

“கால் ஆறுது அம்மா. அதை விடுங்கோ. நாளைக்கு நேரடி ஒளிபரப்பில உங்களைப் போன்ல எடுப்பம். பிள்ளை ஒரு விசயம் சொல்லுவா. அது உண்மையோ எண்டு கேசினி உங்களைக் கேட்பா. நீங்கள் ஓம் எண்டு மட்டும் சொல்லுங்கோ.”

“புள்ள என்னங்க சொல்லும்?”

“அது அவவுக்குத் தெரியும். நாளைக்கு நீங்கள் இல்லை எண்டு சொன்னால் அவ நாளைக்கே வீட்டுக்கு வந்திடுவா. அந்தக் காலோட. விளங்குதோ?”

“அவகிட்ட ஒரு வார்த்த பேசலாங்களா?”

“ரிகர்சல்ல இருக்கிறா,” என்றார் மதுசூதனன். வைத்துவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் தலைவர் வீட்டில் ரெங்கம்மாவுக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு வாரமாய் அவள் நிழலை மிதிக்காத பெண்கள், டிவியில் அவள் குரல் வரப்போகிறது என்றதும் நெருங்கி உட்கார்ந்தார்கள். இராக்கம்மா அவள் முந்தானையைச் சரி செய்துவிட்டாள், போனில் முந்தானை தெரியும் என்கிற மாதிரி. மடியில் போன். தலைவர் அதை ஒரு தடவை எடுத்துக் காதில் வைத்து, லைன் இருக்கிறது என்று தலையாட்டினார்.

சுதர்ஷினியைப் பூ அலங்காரம் செய்த ஊஞ்சலில் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். பட்டுப் பாவாடை காலை மூடியிருந்தது. ஆள் மெலிந்திருந்தாள். அவள் பாடி முடித்ததும் கேசினி பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, “சுதர்ஷினி, உங்களைப் பற்றி நேயர்கள் பல கேள்விகள் கேட்கிறார்கள்,” என்றாள்.

சுதர்ஷினி கண்ணை மூடித் திறந்தாள். “நான் ஒரு விஷயத்த மறைச்சுட்டேன் அக்கா. எங்கம்மா அம்மன விட்டுட்டு வேற வழிக்குப் போனவங்க. சின்ன வயசுல என்னையும் இழுத்துக்கிட்டுப் போனாங்க. நான் மனசுக்குள்ள அம்மனத்தான் கும்புட்டேன். அன்னைக்குத் தீக்குழியில பால் ஊத்துனது எங்கம்மா கை. சுத்தமில்லாத கைன்னு எனக்குத் தெரியும். பெத்தவங்களாச்சேன்னு பேசாம இருந்துட்டேன். அதான் அம்மன் என்னையச் சுட்டா.” குரல் சரியான இடத்தில் உடைந்தது, சரியான இடத்தில் தேறியது. ஜெபவீட்டில் பெண்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வது இதே மாதிரித்தான். அங்கே கற்றதைப் பிள்ளை மறக்கவில்லை.

ரெங்கம்மா அந்த முகத்தையே பார்த்தாள். யாரோ சொல்லிக் கொடுத்துப் பேசுகிறாள், மனசில்லாமல் பேசுகிறாள் என்று காட்ட ஒரு சின்ன அசைவாவது இருக்குமா என்று தேடினாள். இல்லை. மடியில் இருந்த போன் அலறியது. தலைவர் எடுத்து அவள் காதில் வைத்தார்.

“அம்மா, நாங்கள் ராக மகுடம் மேடையிலிருந்து பேசுகிறோம். உங்கள் மகள் சொன்னதைக் கேட்டீர்களா? அது உண்மையா?”

வீடு முழுக்க அவள் வாயையே பார்த்தது. மாரிசாமி வாசற்படியில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்று சொல்ல அவளிடம் எல்லாம் இருந்தது. என் பிள்ளை முதல் நடையில் சுகமாய் நடந்தாள், படம் விழவில்லை என்று இவர்கள்தான் மறுபடி நடக்கவிட்டார்கள் என்று ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். நாட்டுக்கே கேட்கும். ஆனால் நாளைக்கே அந்தப் பிள்ளை புண் காலோடு இந்த லயத்தில் வந்து இறங்குவாள். கூடையைத் தூக்குவாள். சாகிற வரைக்கும் தாயை ஏறெடுத்துப் பார்க்கமாட்டாள்.

“ஆமாங்க,” என்றாள். “என் மேலதாங்க குத்தம்.”

அவள் சொன்னது ஒரு நொடி கழித்து டிவிப் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. யாரோ ஒருத்தி குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரி இருந்தது கேட்க. மேடையில் கைதட்டினார்கள். தலைவர் வீட்டிலும் இரண்டு பேர் கைதட்டினார்கள்.

“உங்கள் மகளிடம் மன்னிப்புக் கேட்க விரும்புகிறீர்களா அம்மா?”

“என்னைய மன்னிச்சிரு சாமி.”

சுதர்ஷினி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு கையை எடுத்து, கண்ணீர் வழிய, கெமராவைப் பார்த்துக் கும்பிட்டாள். “அம்மனே மன்னிக்கிறப்ப நான் யாரு? மன்னிச்சுட்டேன்மா,” என்றாள். மேடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். தலைவர் வீட்டில் பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். “என்ன பெரிய மனசு அந்தப் புள்ளைக்கு. இவ வயித்துல வந்து பொறந்துச்சே,” என்றாள் இராக்கம்மா, ரெங்கம்மாவின் நாற்காலியைப் பிடித்துக்கொண்டே. விளம்பரம் போட்டார்கள். ஆட்கள் வெற்றிலை போட எழுந்து வெளியே போனார்கள்.

ரெங்கம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. உள்ளே ஏதோ இரைச்சல், யாரோ ஓடுகிற சத்தம். பிறகு மகளின் குரல் கேட்டது. அழுத குரலே இல்லை.

“அம்மா, நாந்தான். விளம்பரம் முடியிறதுக்குள்ள பேசணும்.”

“சாமி, கால் வலிக்குதா?”

“அது கெடக்கும்மா. ஓட்டு ஏறிருச்சாம், மது அண்ணன் இப்பத்தான் சொன்னாரு. நீ நல்லா சொன்ன.” கொஞ்சம் தயங்கினாள். “ஆனா நீ அழுதிருக்கலாம். பெரட்டுல பேரு சொல்ற மாதிரி சொல்லிட்ட. எல்லாரும் அதத்தான் சொல்றாங்க.”

“எனக்குத் தெரியாமப் போச்சு சாமி.”

“சரி விடு. பைனலுக்கு உன்னைய மேடைக்கே கூட்டிக்கிட்டு வரப்போறாங்களாம். என் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கிற மாதிரி வைக்கிறாங்க.”

“என்னையவா? கொழும்புக்கா?” ரெங்கம்மா நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டாள். “உன்னையப் பாக்கலாமா நான்?”

“ஆமாம்மா. அன்னைக்காவது அழுவியா?”

“அழுறேன் சாமி,” என்றாள் ரெங்கம்மா, முகமெல்லாம் மலர்ந்து. “நல்லா அழுறேன்.”